பச்சைக் கிளிப்

பிள்ளைகளா, கொடியில் துண்டுக்குப் போட்டிருந்த பச்சைக் கிளிப்பை நேற்று நான் உருவியபோது, "வீட்டுல கிளிப்புக்கா பஞ்சம், அத ஏம்பா எடுக்குறீங்க?" என்று கேட்டீர்கள். அதற்குள் துண்டு பறந்து முருங்கையில் மாட்டிக்கொண்டது. பதிலை இப்போது சொல்கிறேன்.

நீங்கள் அதை என் சாமான் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். மோந்து பார்த்திருந்தால், விளக்கெண்ணெய் வாசனை லேசாக வந்திருக்கும். எங்கள் பொம்மை விமானத்தின் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அது தலைக்கு மேல் ஒரு சுற்றுப் போனால் சட்டையெல்லாம் பிசுபிசுக்கும். உங்கள் அம்மா அந்தச் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள்.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுல்தான் நானா அப்போது சவூதியில் இருந்தார். அங்கிருந்து வருகிறவர்கள் இரண்டு பேருக்கு ஏதாவது வாங்கினால் ஒரே மாதிரிதான் வாங்குவார்கள். ஒரே கைலி, ஒரே அத்தர். நிறம் மாறினாலே சண்டை வந்துவிடும் அல்லவா. நானாவும் ஒரு லீவில் விமானம் ஓட்டும் ரேடியோ செட் இரண்டு வாங்கிவந்தார், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெட்டி ஒன்றுபோல, நிறம் ஒன்றுபோல. உள்ளே இருந்த கிறிஸ்டலின் நம்பரும் ஒன்றுபோல.

அங்கேதான் வினை. கிறிஸ்டல் என்பது புளியங்கொட்டை அளவு தகரக்கூடு. எந்த அலைவரிசை என்பதை அதுதான் முடிவுசெய்யும். நம்பர் ஒன்றானால், அவர் செட் சொல்வதை என் விமானமும் கேட்கும். பம்புசெட் ரிப்பேர் பார்க்கிற எனக்கும் அது தெரியாது, வாங்கிவந்த அவருக்கும் தெரியாது.

வரிச்சிக்குடியில் அறுவடை முடிந்த வயல். என் விமானம் மேலே அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நானா தன் செட்டின் ஏரியலை நீட்டி சுவிட்சைப் போட்டார். என் விமானம் ஒரு கணம் யோசித்தது. பிறகு நேராக வைக்கோல் போரில் போய்ச் செருகிக்கொண்டது. வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த அக்கா இடுப்பில் கைவைத்தபடி கேட்டார்: "மாட்டுக்குப் போட்டுறவா, எடுத்துக்கிட்டுப் போறீங்களா?"

"ஒரே மாதிரி வாங்கியாந்தா சண்ட வராதுன்னுல்ல மாப்ள நெனச்சேன்" என்றார் நானா.

வேறு நம்பர் கிறிஸ்டல் அடுத்த லீவில் வரும் என்றார். அடுத்த லீவில் பேரீச்சம்பழம் வந்தது. ஆகவே அவர் வீட்டுக் கொடியிலிருந்து இந்தக் கிளிப் வந்தது. கிளிப் யார் காலரில் இருக்கிறதோ அவர்தான் சுவிட்சைத் தொடலாம். இறக்கியதும் அடுத்தவர் காலரில் மாட்டிவிட வேண்டும். இதுதான் சட்டம். காத்திருப்பவர் சும்மா இருப்பாரா? அவர் மகள் கல்யாணப் பேச்சு, என் கடை வாடகை, எல்லாம் அந்த வரப்பில்தான் ஓடும். நடுநடுவே, "வெயிலுக்குள்ள போவுது பாரு, இடது பக்கம் திருப்பு", "எறக்கு மாப்ள, எனக்கு மவுத்து வர்றதுக்குள்ள ஒரு தடவ ஓட்டிக்கிறேன்".

நானா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது புது செட் கொண்டுவந்தார். அதுவும் ஒரே மாதிரி இரண்டு! ஆனால் இதில் கிறிஸ்டலே கிடையாது. விமானத்தையும் செட்டையும் ஒருமுறை ஜோடி சேர்த்துவிட்டால் வேறு யார் பேச்சையும் அது கேட்காது. கடையின் பின்கட்டில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, விமானத்துக்குள் இருந்த பழைய ரிசீவரையும் வால்போல் தொங்கிய ஒயரையும் கழற்றினோம். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத புதியதை வைத்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

அன்றுதான் முதன்முறையாக இருவர் விமானங்களும் ஒன்றாகப் பறந்தன. ஆளுக்கொரு மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். வரப்பு காலியாகக் கிடந்தது. நான் இறக்கியதும் பழக்கதோஷத்தில் கிளிப்பை எடுத்துக்கொண்டு அவர் காலரை நோக்கிப் போனேன். அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இனிமே அது எதுக்கு மாப்ள? ஒன் வீட்டுல துணிக்குப் போடு."

அதன்பிறகு ஒருவருக்கொருவர் காத்திருக்கும் வேலை இல்லை. சேர்ந்து போகும் வேலையும் இல்லாமல் போனது. அவர் விடியற்காலையில் பஜ்ர் தொழுதுவிட்டுப் போய் ஓட்டிவிட்டு வந்துவிடுவார். ஞாயிறு பூசை முடிந்து நான் போகும்போது வயலில் அவர் செருப்புத் தடம்தான் இருக்கும். விமானம் இப்போதெல்லாம் விழுவதே இல்லை. எறக்கு மாப்ள என்று கத்தவும் ஆளில்லை.

சட்டப்படி பார்த்தால் கிளிப்போடு கடைசியாக இறக்கியவன் நான். முறை அவருடையது.

நேற்றுச் சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனேன். நானா அஸர் தொழப் போயிருந்தார். கடை வாசலில் அவர் ஸ்கூட்டர் நின்றது. அதன் பிரேக் ஒயரில் கிளிப்பை மாட்டிவிட்டு வந்தேன்.