ஓரினம்னா நம்ம இனமா?

இன்று திருப்பதியிலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெரியவர் என் மடியிலிருந்த ஆய்வேட்டின் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'ஓரினச் சேர்க்கையும் அதன் மீதான வெறுப்பும்: ஒரு வரலாறு.'

கவிழ்த்து வைத்திருக்கலாம்.

"ஓரினம்னா ஒரே இனமா நைனா?"

"ஆமாங்க."

"நம்ம இனத்துக்குள்ளயே சேர்றது நல்லதுதானே? இத்தப் போயி எவன் வெறுக்கிறான்?"

"நிறைய பேருங்க. பெத்தவங்களே வீட்ட விட்டுத் தொரத்தியிருக்காங்க."

"அடப்பாவிங்களா! நீ உடாத, நல்லா எழுது."

அவர் சொல்வது சாதியை என்று அப்போதுதான் உறைத்தது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"என் தம்பி பொண்ணு. திருப்பதிலதான் படிச்சிக்கினு கீது. நீ இன்னா இனம்?"

வீட்டிலேயே இன்னும் சொல்லாத பதில் அது. புத்தூர் வருமுன்பே, வழியில் வடமாலைப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் இன்னும் வரவில்லை.

இத்தனை காலத்தில் என் ஆய்வை மனதார ஆதரித்த ஒரே மனிதர் அவர்தான். திருத்தியிருக்கணும்கிறீங்களா?