எதிரியாக உட்கார ஓர் ஆள்

தாராசுரம் ஷீபாவுக்கு முப்பத்தெட்டு வயது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்தபோது ஒரு வியாதி அவளைத் தொற்றிக்கொண்டது. பழைய போர்களை மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, மறுபடி நடத்திப் பார்க்கும் வியாதி. ஊர் திரும்பிய பிறகு சேர்ந்து ஆட ஆளில்லை. இரண்டு வருடமாக இரண்டு பக்கமும் அவளே ஆடினாள். ஒரே ஓர் எதிரி கிடைத்தால் போதும் என்று ஏங்கிப்போனாள்.

ஊரிலிருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினாள். ‘சோழர் – ராஷ்டிரகூடர், தக்கோலம் போர். ஞாயிறு காலை பத்து மணி. சமோசா உண்டு.’ ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் மேஜையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“நாங்க சோழர்” என்றான் ராஜ்குமார். அவன் பைக்கில் புலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“எல்லாருமே சோழர்னா ராஷ்டிரகூடர் யாருப்பா?”

ஆறு பேரும் இன்னும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆயிரம் வருடமாக இந்தப் பக்கத்தில் ஒருத்தர்கூடக் கட்சி மாறவில்லை போலிருக்கிறது. வேறு வழியின்றி ஷீபாவே எதிரியானாள்.

அந்தப் பக்கம் எல்லோருக்கும் யானைமேல் இருந்த இளவரசனைத்தான் நகர்த்த வேண்டும். காலாட்படையைச் சீந்த நாதியில்லை. யானை தன்னந்தனியாக முன்னே போனது. ஷீபாவின் வில்லாளிகள் நிதானமாக இளவரசனைச் சாய்த்தார்கள்.

“கள்ளாட்டம்! சோழன் எப்படிக்கா தோப்பான்?”

“நெசத்துலயும் அங்க தோத்தாங்கப்பா. பரீட்சைக்கு வராதுன்னு படிக்காம வுட்டுட்டீங்களா?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். சமோசாவை மட்டும் மிச்சம் வைக்கவில்லை. வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று ஷீபாவுக்குத் தன்மேலேயே எரிச்சல். அடுத்த ஞாயிறு படையை அடுக்கக்கூட மனம் வரவில்லை.

பதினொரு மணிக்குக் குந்தவை வந்தாள். போன வாரம் வந்த ஆறு பேரில் வாயே திறக்காதவள். நேராகப் போய் ராஷ்டிரகூடர் பக்கம் உட்கார்ந்தாள்.

“இந்தப் பேர வச்சுக்கிட்டு அங்க உட்காரலாமாம்மா?”

“பேரு எங்கப்பா வச்சதுக்கா. அன்னைக்கு அவனுங்க என்னை ஒரு பொம்மையக்கூடத் தொட விடல. இன்னைக்கு நான் ஜெயிக்கணும்.”

ஷீபா அவசரமாகப் படைகளை அடுக்கினாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. சோழ யானையைச் சுற்றிக் காலாட்களை நிறுத்தினாள். குந்தவை நகத்தைக் கடித்து யோசித்தாள். குதிரைகளைச் சுற்றி அனுப்பிப் பின்னாலிருந்து மடக்கினாள். மதியச் சாப்பாட்டு வேளைக்குள் சோழ இளவரசன் விழுந்தான். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ஷீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

“அழாதீங்கக்கா” என்று பதறினாள் குந்தவை. “அடுத்த வாரம் வேணும்னா நான் விட்டுக் குடுத்துடறேன்.”

“விட்டுக் குடுத்துப் பாரு, பல்லத் தட்டிக் கையில குடுத்துடுவேன்.”