மூன்றாவது வருகைப் பதிவு

"விதி ஆறு: படகு நங்கூரம் எடுப்பதற்கு முன் பயணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். அவரவர் பெயருக்கு அவரவரே, பணியாளரின் கண்ணில் படும்படி பதில் தர வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது."

டைவிங் கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக் உறை போட்டு என் கையில் கொடுத்த அட்டையில் இப்படித்தான் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, தமிழாக்கம் மட்டும் என்னுடையது. நல்ல விதி. நானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது. முப்பத்திரண்டு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து, துணைக் கட்டுப்பாட்டாளராக ஓய்வு பெற்றவள் நான். ஆள்மாறாட்டம் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அண்ணனுக்காகத் தம்பி, அக்காவுக்காகத் தங்கை, ஒரு தடவை மருமகளுக்காக மாமியாரே வந்து உட்கார்ந்து தொலைநிலைக் கல்விப் பரீட்சை எழுதியதைப் பிடித்திருக்கிறேன். பேய், ஆவி எதையும் நம்பியவள் இல்லை. ஒரு விடைத்தாள் கட்டு காணாமல் போனபோது அலுவலகமே மை போட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பியது; நான் பீரோவுக்குப் பின்னால் பார்க்கச் சொன்னேன், இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஆக்லாந்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். சான்ட்ரிங்ஹாமில் வீடு. மகள் நித்யா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறாள். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் டைவிங் மேல் மூன்று வருடமாகப் பைத்தியம். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் நான்கு வயதுப் பேத்தி மீனு என்னிடம்தான் இருப்பாள். காலையில் இட்லி, பிறகு பார்க், பிறகு என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது, இதுதான் எங்கள் கால அட்டவணை. எனக்கு இந்த ஊரில் வேறு வேலை இல்லை, வேண்டியதும் இல்லை.

போன கோடையில், இந்த ஊரில் டிசம்பர் ஜனவரிதான் கோடை, ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார், நித்யா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில், அங்கிருந்து படகில். தீவின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் கம்பெனி எது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். எப்போதோ குமுறி அடங்கிய எரிமலையின் மிச்சம் அது. கருத்த பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, மேலே வெள்ளைப் பறவைகள் சந்தைக்கடை போலக் கத்துகின்றன, பாறை இடுக்கில் கடல்நாய்கள் சோம்பல் முறிக்கின்றன. தண்ணீருக்குள் திருக்கை மீன்கள் கூட்டம் கூட்டமாகப் போகுமாம். தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது, அது விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மட்டும். அதற்கும் ஒரு விதி உண்டு, அது ஒன்பது.

டைவ் செய்பவர்கள் பதினோரு பேர். செய்யாதவள் நான் ஒருத்தி. அந்தப் படகில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: நான், நித்யா, அவளோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண் சுகந்தி. பெயர் வாசிக்க ஷெரில் என்று ஒருத்தி இருந்தாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் காய்ந்த முகம், கையில் அட்டை, காதில் பென்சில். கரையை விட்டுக் கிளம்பும்போது முதல் வருகைப் பதிவு. "நிட்டியா" என்றாள். என் மகள் எழுந்து நின்று, என்னைக் கேலி செய்வதற்காகவே, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் அம்மா!" என்றாள்.

"இதென்ன, பள்ளிக்கூடமே?" என்றாள் சுகந்தி.

"எங்கம்மா இருக்கிற இடமெல்லாம் பள்ளிக்கூடம்தான். தப்பாச் சொன்னா டிபார் பண்ணிடுவாங்க."

"அன்ரி, உங்கட மகளுக்கு வாய் கூடிப்போச்சு."

"வாய்க்கு மார்க் கிடையாதுன்னு சொல்லு அவகிட்ட" என்றேன். ஷெரிலுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே டிக் போட்டாள். முதல் டைவ் முடிந்து படகு தீவின் மறுபக்கம் நகர்வதற்கு முன் இரண்டாவது பதிவு, அப்போதும் நித்யா அதையே சொன்னாள். இந்த முறை படகே சிரித்தது.

இரண்டாவது டைவில்தான் நடந்தது. தண்ணீருக்குள் இரண்டு இரண்டு பேராக ஜோடி போட்டுத்தான் போக வேண்டும், அது அவர்களுடைய ஆதார விதி. நித்யாவுக்கு ஜோடி சுகந்தி. பாதியில் சுகந்திக்குக் காது அடைத்து வலி வந்துவிட்டது. கூட இறங்கியிருந்த கைடு அவளை மேலே அனுப்பிவிட்டு, நித்யாவை வேறொரு தம்பதியோடு சேர்ந்துகொள்ளச் சொல்லி சைகை காட்டியிருக்கிறார். அந்தத் தம்பதி ஒரு குகை வாசலில் திரும்பிவிட்டார்கள், நித்யா கைடுக்குப் பின்னால் போய்விட்டாள் என்று நினைத்து. கைடு அவள் தம்பதியோடு இருக்கிறாள் என்று நினைத்தார். எல்லாரும் நினைத்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. எந்த அலுவலகத்திலும் கோப்பு இப்படித்தான் தொலையும்.

மேலே எனக்கு இதெல்லாம் தெரியாது. காற்று பிடித்துவிட்டது, படகு ஆடிய ஆட்டத்தில் குடல் தொண்டைக்கு வந்தது. கடைசி பெஞ்சுக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். டைவ் செய்தவர்கள் சொட்டச் சொட்ட ஏறி வந்தார்கள், சிலிண்டர்கள் மோதுகிற சத்தம், சிரிப்பு. பிறகு ஷெரிலின் குரல், மூன்றாவது பதிவு. "சுகண்டி" என்றதற்குக் கீழே உடை மாற்றும் அறையிலிருந்து சுகந்தி தலையை நீட்டிப் பதில் சொன்னாள். பிறகு "நிட்டியா."

"உள்ளேன் அம்மா."

எனக்கு நேர் பின்னால். என் மகளின் குரல். தூரத்தில் இல்லை, என் காதுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில். காலையில் இருந்த கேலி மட்டும் அதில் இல்லை. வெறுமனே தகவல் சொல்வது போல இருந்தது.

ஷெரில் என்னைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டாள். நான் குனிந்த தலை நிமிராமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இதை மறைக்கவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது, நான் விரலால் சொன்னேன்.

எஞ்சின் கிளம்பியது. பிளாஸ்கிலிருந்து சுக்குக் காபியை ஒரு டம்ளரில் ஊற்றி, "இந்தா, நடுங்காம குடி" என்று தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது. நம்பினால் நம்புங்கள், வாங்கியபோது விரல்கள் என் விரல்களில் பட்டன. தண்ணீரில் கிடந்தவள் கை சில்லென்றுதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். சுகந்தி உடை மாற்றிக்கொண்டு மேலே வந்தாள்.

"அன்ரி, நித்யா எங்க?"

"இங்கதான், பின்னாடி."

"எங்க பின்னால? ஒருத்தரும் இல்லையே."

"அப்ப கீழ போயிருப்பா."

"கீழ நான்தானே நிண்டனான், அன்ரி. கீழ ஒருத்தரும் வரேல்லை."

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் டம்ளர் இருந்தது. காபி விளிம்பு வரை அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை, ஆனால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. பிளாஸ்கில் மிச்சம் இருந்த காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. படகு அப்படி ஆடியும் அந்த டம்ளர் தளும்பவில்லை, அதைக் கவனிக்கும் நிலையில் அப்போது நான் இல்லை. சுகந்தி அலறினாள், நானும் அலறினேன் என்று சொல்கிறார்கள்.

கேப்டன் படகைத் திருப்பினார், ரேடியோவில் உதவி கேட்டார், எல்லாரும் ஆளுக்கொரு திசையில் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் தீவின் மறுபக்கம், பாறை வளைவுக்கு அந்தாண்டை, டைவ் செய்பவர்கள் ஆபத்தில் ஊதிப் பிடித்துக்கொள்ளும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய் ஒன்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என் மகள். உதடு நீலம், கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது.

அவளை ஏற்றிப் போர்வை போர்த்தியதும் மறுபடி பெயர் வாசித்தார்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று. நித்யாவிடம் வந்ததும் ஷெரில் அட்டையை இறக்கினாள். என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பென்சில் கீழே விழுந்தது. குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் திரும்பும்போது நித்யா ஒன்று சொன்னாள். சுகந்தி ஓட்டினாள், நாங்கள் பின்னால்.

"எப்படிம்மா அவ்ளோ நேரம் விடாம கூப்பிட்ட?"

"யாரு?"

"நீதான். மேல வந்ததுலேர்ந்து உன் குரல்தான் கேட்டுச்சு, பாறைக்கு அந்தப் பக்கம். நித்தி, நித்தின்னு. நானும் உள்ளேன், உள்ளேன்னு கத்திக்கிட்டே இருந்தேன். அது மட்டும் கேக்கலேன்னா கைய விட்டிருப்பேன்."

நான் கூப்பிடவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் முப்பத்திரண்டு வருடம் உண்மையை மட்டும் பதிவு செய்த வாய். "நான் கூப்பிடலடி. நீ பின்னாடி இருக்கேன்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

அவள் கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கம்பெனியிடமிருந்து நித்யாவுக்கு மின்னஞ்சல் வந்தது. வருத்தம், மன்னிப்பு, பயிற்சி முறைகளை மறுபரிசீலனை செய்கிறோம், எல்லாம் முறைப்படி. நடுவில் ஒரு வரி: குறிப்பிட்ட பயணி படகில் இருப்பதாக உடன் வந்த குடும்ப உறுப்பினர் உறுதி செய்தார். நித்யா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"நீ எனக்காகப் பதில் சொன்னியாம்மா?"

"இல்லடி. உன் குரல் கேட்டுச்சு."

"நான் தண்ணில இருந்தேம்மா."

சண்டை ஒன்றும் போடவில்லை. அடுத்த திங்கட்கிழமை மீனு பக்கத்தில் எப்சமில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தாள். "உனக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்றாள் நித்யா. ரெஸ்ட். காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடும், என் கண்ணாடி வைத்த இடத்திலேயே இருக்கும். பெற்ற மகளையே கவனிக்காமல் கடலில் விட்டுவந்தவளிடம் குழந்தையை எப்படி விடுவது என்று அவள் நினைத்தாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாவது வருகைப் பதிவின் நகலும், பதிவு செய்த பணியாளரின் கையெழுத்திட்ட வாக்குமூலமும் வேண்டும் என்று. ஷெரில் வேலையை விட்டுப் போய்விட்டாள், தேடிக் கேட்கிறோம் என்றார்கள். நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று. இதற்கிடையில் என் மனதுக்குள் ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் பாறைக்கு அந்தப் பக்கம் "உள்ளேன்" என்று கத்தியிருக்கிறாள், தண்ணீர் மேல் சத்தம் வெகுதூரம் வரும், காற்று அதைக் கொண்டுவந்து என் காதில் போட்டிருக்கிறது. கையும் காபியும் வாந்தி மயக்கம். ஃபைலை மூடுவதற்கு இது போதும்.

பிறகு இந்த ஊர் மழைக்காலத்தில், ஜூனில், ஒரு நாள் தபாலில் உறை வந்தது. வீட்டில் நான் தனியாக இருந்தேன். உள்ளே பதிவின் நகல், எல்லாப் பெயருக்கும் நேராக டிக். பின்னால் ஷெரிலின் வாக்குமூலம், கையால் எழுதியது, அரைப் பக்கம்தான். அதில் இருந்தது இது:

"தாயார் மீது பழி போடுவது நியாயம் இல்லை. அவர் உறுதி செய்வதற்கு முன்பே நான் டிக் போட்டுவிட்டேன், ஏனென்றால் நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் தாயாருக்குப் பின்னால் நின்றிருந்தார். பெயர் சொன்னதும் ஒரு கையை உயர்த்தி, காலையில் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். முகத்தை நன்றாகப் பார்த்தேன். தலைமுடி உலர்ந்திருந்தது. அவருடைய இன்னொரு கை, முழு நேரமும், தாயாரின் தோளில் இருந்தது."

இரண்டு முறை படித்தேன். நான் குற்றமற்றவள் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. இதை நித்யாவிடம் காட்டினால் மீனு திங்கட்கிழமையே என்னிடம் வந்துவிடுவாள். ஆனால் நித்யா இப்போதுதான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்திருக்கிறாள், போன வாரம்தான் மாப்பிள்ளை சொன்னார். அம்மா கவனக்குறைவானவள் என்பது ஒரு பெண் தாங்கிக்கொள்ளக்கூடிய விஷயம். தன் முகத்தோடு இன்னொன்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பது அப்படி இல்லை.

மாலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்துவிட்டாள். "என்ன லெட்டர்மா?"

"ஒண்ணுமில்ல, லைப்ரரிலேர்ந்து" என்றேன்.

அவள் உள்ளே போனதும் பேனாவை எடுத்தேன். தோள் கனத்தது, துண்டைத்தான் போட்டிருந்தேன், அதை எடுத்துவிட்ட பிறகும் கனத்தது. எந்தக் கடிதம் வந்தாலும் வலது மூலையில் வந்த நாளைக் குறிப்பது என் வழக்கம். குறித்தேன். பெறப்பட்டது, ஜூன் பதினேழு.