இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

முனியப்பனையே ஏமாற்றப் பார்த்த முட்டாள் நான். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நம்புவீர்கள்.

போன வருடம் ஓசூர் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருட மெக்கானிக்கல் படித்தேன். வகுப்பில் நான்தான் கோமாளி. வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கை நடுங்கும். மூச்சு முட்டும். ஒரு இன்டர்வியூவில் என் பெயரைக் கேட்டார்கள்; கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டு ஓடினேன். அதன்பின் தூக்கமில்லை. செத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். "இந்த நடுக்கத்த எடுத்துடு சாமி" என்று தினமும் அழுதேன்.

மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார் எங்கள் வாத்தியார். அப்பா கொதித்தார். "நம்ம வூட்ல பைத்தியமா? ஊரே சிரிக்கும்." படிப்பை நிறுத்திவிட்டு மாந்தோப்பைப் பார்க்கட்டும் என்றார். எனக்கும் நிம்மதி. மாமரம் இன்டர்வியூ எடுக்காது.

எங்கள் மத்தூர்ப் பக்கம் முனியப்பனிடம் பூ கேட்காமல் எதையும் செய்ய மாட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். கேள்வியைச் சொன்னதும் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் மடித்தது நான். படிப்பை நிறுத்தச் சாமி சம்மதிக்க வேண்டுமே என்று இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன்.

கோயிலில் அப்பா கேள்வியைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "முனியப்பா, இவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமா?"

எதைப் பிரித்தாலும் வெள்ளைதானே வரும்! பூசாரி பிரித்தார். வெள்ளை.

"சாமியே உத்தரவு குடுத்துட்டாரு. அப்புறம் என்னண்ணா?" என்றார் பூசாரி. அப்பா டாக்டரிடம் போக வண்டியை எடுத்தார்.

மாத்திரை, டாக்டரோடு பேச்சு. மெல்லத் தூக்கம் வந்தது. அடுத்த இன்டர்வியூவில், "எனக்குப் பதட்டம் வரும் சார். மருந்து சாப்பிடுறேன். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன். கொடுத்தார்கள். வேலையும் கொடுத்தார்கள். இப்போதும் சில நாள் கை நடுங்கும். நடுங்கட்டும், அதே கைதான் ஸ்பேனர் பிடிக்கிறது.

பைத்தியம் என்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். என் சாப்பாட்டுப் பையில் மாத்திரையும் திருநீறும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. இதுவரை சண்டை வந்ததில்லை. கழிவறையில் ஒளிந்திருக்கும் தம்பி தங்கைகளே, சாமியிடம் அழுங்கள், டாக்டரிடமும் போங்கள். ஏமாற்ற வந்தவனையே கரையேற்றியவன் உங்களை விட்டுவிடுவானா?

போன வாரம்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேம்மா. முனியப்பன் உன் வாயில கேள்விய எப்படி மாத்துனான் பாத்தியா?"

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நீ மடிச்சதப் பாத்துட்டுதான்டா மாத்துனேன்."