மழையில் தொங்கிய கிராஃபீன்

"மால் கஹா ஹை?"

மாட்டுங்காவில், ஏசி போட்ட ஒரு ஹாலில், அயர்ன் கலையாத சட்டையோடு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால் எப்படி இருக்கும்? சரக்கு எங்கே என்று கேட்கிறார். கேட்டவர் எங்கள் முருகேசன். பக்கத்து நாற்காலியில் நான். நாற்காலிக்கு அடியில் இடம் இருந்திருந்தால் அப்போதே போய் ஒளிந்திருப்பேன்.

இந்த வருஷ மழை ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்தது இது. கிராஃபீன் தயாரிக்கும் ஒரு புதுக் கம்பெனி, மழைக்காலம் முடிந்ததும் ஷேர் வெளியிடப் போகிறது. அதற்கு முன்னோட்டமாக எங்களை மாதிரிச் சில்லறை முதலீட்டாளர்களைக் கூப்பிட்டு, சமோசா கொடுத்து, ஸ்கிரீனில் படம் காட்டினார்கள். பேட்டரியில் கிராஃபீன், சிமென்ட்டில் கிராஃபீன், டயரில், பெயின்ட்டில், தோலில்... சமோசாவில் மட்டும்தான் இல்லை.

படம் முடிந்ததும் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். என்ன கேட்டார்கள்? ஷேர் எப்போது டபுள் ஆகும்? லிஸ்ட் ஆன அன்றைக்கே விற்றுவிடலாமா?

முருகேசன் மட்டும்தான் மால் கேட்டார்.

ஹாலே சிரித்தது. மேடையில் இருந்த பெண் சிரிக்கவில்லை. கம்பெனியை ஆரம்பித்தவர் அவர்தான். மராத்திக்காரர், விஞ்ஞானி, முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். முருகேசன் அன்றிலிருந்து அவரை 'டாக்டர் மேடம்' என்றுதான் சொல்கிறார். இரண்டு மணி நேரமாக யாருமே தன் பொருளைப் பற்றிக் கேட்கவில்லையே என்று நொந்துபோயிருந்தாரோ என்னவோ, முகம் அப்படி மலர்ந்துவிட்டது. கீழே இறங்கி வந்து, தன் பையிலிருந்து கறுப்பாக ஏதோ நிறைந்த ஒரு பாட்டிலை எடுத்து முருகேசன் கையில் வைத்தார். தோலுக்குப் பூசுவது. ஈரம் உள்ளே போகாது, பூசணம் பிடிக்காது என்று ஹிந்தியில் சொன்னார்.

பூசணம் என்று கேட்டதும் முருகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார் பாருங்கள்... அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் விழுந்துவிட்டார் என்று.

இவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வருஷக்கணக்குக்கு முன்னால் என் ஹேண்ட்பேக் வார் அறுந்து, தைக்கக் கொடுக்கப் போய்ப் பழக்கம். செம்பூரிலிருந்து நான், தாராவியிலிருந்து அவர், மாட்டுங்காவிலேயே குடியிருக்கும் ராமநாதன் மாமா — மூன்று பேரும் ஞாயிறு காலையில் ஒரு ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டே ஷேர் பேசுவோம். மாமா ரிட்டயர் ஆன ஆடிட்டர். எந்தக் கம்பெனி அறிக்கையையும் அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பார். எங்கள் கமிட்டியின் சாதனை என்ன என்று கேட்கிறீர்களா? நாங்கள் வாங்கினால் இறங்கும். விற்றால் ஏறும். அந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை.

கிராஃபீன் என்றால் என்ன என்று எனக்கு விளக்கியதும் மாமாதான். "பென்சில்ல கறுப்பா இருக்கோல்லியோ? அதை ஏடு ஏடா உரிச்சுண்டே போ. இதுக்கு மேல உரிக்க முடியாதுன்னு கடைசியா ஒரு ஏடு நிக்கும். அதான். இரும்பைவிட பலம்ங்கறா." மாமா சொன்ன விதத்தில், உரித்த ஏட்டை வேஷ்டி மடிப்பில் வைத்திருக்கிறார் போலத்தான் இருந்தது.

மாமா அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார். முருகேசன் பாட்டிலோடு பட்டறைக்குப் போனார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் நிலைக்கு வெளியே ஓர் ஆணி. புதுப் பசையோ, நூலோ, ஜிப்போ எது வந்தாலும், அதைப் போட்டு ஒரு பை தைத்து அந்த ஆணியில் மாட்டிவிடுவார். ஜூன், ஜூலை இரண்டு மாசமும் அது சாரலில் தொங்க வேண்டும். தாங்கினால் பட்டறைக்குள் நுழையலாம். "ஆணியில தொங்காத சாமான நான் கைய வச்சுத் தொடமாட்டேன்க்கா" என்பார். எத்தனை ஏஜென்ட்டுகள் அந்த ஆணியைப் பார்த்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார்கள் தெரியுமா?

அந்த ஆணியில் இரண்டு பை ஏறியது. இரண்டும் ஒரே தோல், ஒரே தையல், ஆபீஸ் போகிறவர்கள் தோளில் மாட்டும் கறுப்புப் பை. ஒன்றில் கிராஃபீன் பூச்சு. இன்னொன்று சும்மா.

ஜூன் பெய்தது. ஜூலை கொட்டியது. எங்கள் காபிக் கமிட்டி பட்டறை வாசலுக்கு மாறிவிட்டது. குடையும் கையுமாகப் போய் நானும் ஒவ்வொரு ஞாயிறும் பையைத் தடவிப் பார்த்தேன். மாமா வேஷ்டியை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்து பையை மோந்து பார்த்தார். சந்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். பங்குச் சந்தையில் ஒரு கம்பெனியை இத்தனை பேர் மோந்து பார்த்து ஆராய்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் இரண்டு பையையும் இறக்கினார். சும்மா இருந்த பை முழுக்க வெள்ளை பூத்து, விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. கிராஃபீன் பையை ஒரு துணியால் துடைத்தார். பளபளவென்று, இப்போதுதான் தைத்து முடித்த மாதிரி!

அவர் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்து முழுக்க ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் மொத்த வியாபாரிகள், குடோனில் பூசணம் பிடித்த பைகளை மூட்டையாகக் கட்டி இவர் தலையில் திருப்பிக் கட்டுவார்கள். அந்த எரிச்சலுக்கு மருந்து கிடைத்துவிட்டதே. மாமாவும் "கம்பெனிக்குக் கடன் கிடையாது, எல்லாம் நன்னா இருக்கு" என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார். எனக்கும் உச்சி குளிர்ந்து போயிற்று. எங்கள் கமிட்டி வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு கம்பெனியைச் சரியாகப் பிடித்துவிட்டோம் இல்லையா?

அப்போதுதான் முருகேசன் அறிவித்தார்.

"அக்கா, முடிவு பண்ணிட்டேன். டோம்பிவிலி ஃப்ளாட்டுக்கு வச்சிருக்க துட்ட அப்படியே இதுல போடுதேன். ரெண்டு வருசத்துல டபுள். அதுக்கப்புறம் டோம்பிவிலி என்ன, செம்பூர்லயே உங்க பக்கத்து வீட்டுக்கு வாரேன்."

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் இதைச் சொல்லும்போது அவர் மனைவி செல்லம் நாலடி தள்ளி மெஷினில் உட்கார்ந்து பைக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஃப்ளாட் செல்லத்தின் ஃப்ளாட். பட்டறைக்கு மேலே பரண் மாதிரி ஒரு தட்டு, செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி... அதில்தான் இருபது வருஷக் குடித்தனம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி ஏறி முழங்கால் போய்விட்டது. டோம்பிவிலியில் வீடு பார்த்து, மூன்று தடவை லோக்கல் ட்ரெயினில் போய் அதை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பேங்கில் லோனும் சொல்லியாகிவிட்டது. கட்ட வேண்டிய முன்பணம் ஒன்றுதான் பாக்கி. இப்போது அது போய்விட்டால்? அந்த வயசில், அந்த முழங்காலோடு, மறுபடியும் முதலிலிருந்தா?

செல்லம் சண்டை போடவில்லை. மெஷினை நிறுத்தினார். அந்தப் பையை வாங்கி உள்ளும் புறமும் பார்த்தார்.

"மால் நல்ல மால்தான்" என்றார். "இஞ்ச பாருங்க, ஒண்ணு கேக்கேன். நீங்க தைக்கது நல்ல பையா, மோசமான பையா?"

"நல்ல பைதான். அதுல என்ன சந்தேகம்?"

"இருவது வருசமா நல்ல பைதானா?"

"ஆமா."

"அப்பம் நாம ஏன் இன்னும் இந்த ஏணியில ஏறி எறங்கிக்கிட்டுக் கெடக்கோம்?"

முருகேசன் பையைத் திரும்ப வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார். மாமா கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார், பதில் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நல்லதாக எழுதினால் போதும், வாசகர்கள் குவிந்துவிடுவார்கள் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டு இந்தப் பத்திரிகைப் பக்கத்தை நிரப்புகிறவள்தானே நானும்? எனக்கும் சுருக்கென்றது.

யோசித்துப் பார்த்தால், தொழில் தெரிந்தவருக்கு மட்டுமே வருகிற சறுக்கல் இது. நானெல்லாம் யாரோ டிவியில் சொன்னார்கள் என்று வாங்கிச் சறுக்குவேன். முருகேசன் சரக்கைத் தொட்டுப் பார்த்துச் சறுக்கப் பார்த்தார். மால் பாஸ் ஆனால் கம்பெனியும் பாஸ் என்று நினைத்துவிட்டார். தன் பையே அதற்கு எதிர்சாட்சி என்பது இருபது வருஷமாக அவருக்குத் தோன்றவில்லை.

"அந்த டாக்டர் அம்மாவ நான் ஒருக்காப் பாக்கணும்" என்றார் செல்லம்.

மறுநாளே போனோம், செல்லமும் நானும். மான்குர்த்தில் ஒரு ஷெட்டில் இருக்கிறது கம்பெனி. மழையில் நனைந்து போய் நின்ற எங்களுக்கு டாக்டர் மேடமே டீ போட்டுக் கொடுத்தார். ஆணிப் பரீட்சை ரிசல்ட்டைக் காட்டினோம். இரண்டு பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்தப் பெண் கண் கலங்கிவிட்டார். லேபில் ஆயிரம் டெஸ்ட் செய்திருப்பார். தாராவி வாசலில் தொங்கி ஜெயித்தது வேறு சந்தோஷம் போல.

செல்லம் டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தன் பம்பாய் ஹிந்தியில் கேட்டார். "மேடம், தூஸ்ரா பார் கோன் லியா?"

இரண்டாவது தடவை யார் வாங்கினார்கள்? அவ்வளவுதான் கேள்வி.

டாக்டர் மேடம் பொய் சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறோம்? ஆனால் நேராகச் சொன்னார். பெரிய ஷூ கம்பெனி, பெரிய பை கம்பெனி எல்லாம் சாம்பிள் வாங்கியிருக்கிறார்கள். பிரமாதம் என்று மெயில் போட்டிருக்கிறார்கள். சிலர் ஒரு டின் வாங்கியும் இருக்கிறார்கள். மறுபடி வந்து வாங்கியவர் இதுவரைக்கும் ஒருவரும் இல்லை.

செல்லம் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி. "ஹமாரா பீ சேம் ஸ்டோரி மேடம்" என்றார், எங்களுக்கும் இதே கதைதான் என்று. எல்லோரும் பையைத் தடவிப் பார்த்து, பிரமாதம் என்பார்கள். அப்புறம் பக்கத்துக் கடையில் ரெக்ஸின் பை வாங்கிக்கொண்டு போவார்கள். இதைக் கேட்டு டாக்டர் மேடமும் சிரிக்க, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது செல்லம் ஒன்று சொன்னார். பை வாங்குகிறவரிடம் பூசணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், அவர் வாங்கும்போது பை நன்றாகத்தான் இருக்கும். மழையில் சரக்கு வீணாகிக் கண்ணீர் விடுகிறவர் குடோன் வைத்திருக்கும் மொத்த வியாபாரி. அவரிடம் போய்ப் பேசுங்கள். டாக்டர் மேடம் ஒரு நோட்டை எடுத்து இதை எழுதிக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு பெருமை. என்னவோ நானே சொல்லிவிட்ட மாதிரி.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மறுவாரமே டோம்பிவிலி ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று. கட்டிவிட்டு வந்து முருகேசன் ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தார். அடுத்த நாள் மான்குர்த் போய், பட்டறைக்கு என்று ஒரு டின் பூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பூசின பையை மொத்த வியாபாரிகளிடம் கொண்டுபோய், "மழ முடிஞ்ச பொறவு ஒரு பை பூத்திருந்தாலும் மூட்டையா நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். அந்த மழை முடிந்தது. மூட்டை எதுவும் திரும்பி வரவில்லை. ஆர்டர்தான் வந்தது. முருகேசன் ஓடிப்போய் இரண்டாவது டின் வாங்கினார்.

டாக்டர் மேடமும் ஒரு காரியம் செய்தார். ஷேர் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டார். முதலில் வாடிக்கையாளர், அப்புறம் முதலீட்டாளர் என்று எங்கள் எல்லோருக்கும் மெசேஜ் வந்தது. எனக்குத் தெரிந்து ஒரு கம்பெனி மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

தசராவுக்குச் சாவி கிடைத்தது. செல்லம் லிஃப்ட்டில் மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்ததாகக் கேள்வி. வேலை ஒன்றும் இல்லையாம், சும்மாத்தானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் மாமா போன். குரலில் அவ்வளவு பரபரப்பு.

"ஏம்மா, கிராஃபீன் கம்பெனி புது புரோஷர் அனுப்பியிருக்கா. நாலாம் பக்கம் பாரு. 'மும்பையின் முன்னணித் தோல் தொழில் மையத்திலிருந்து தொடர் ஆர்டர்கள்'னு போட்டிருக்கா. கேட்டியோ? தொடர் ஆர்டர். இண்டஸ்ட்ரியே திரும்பிப் பாக்கறது. ஷேர் வந்ததும் யோசிக்கவே கூடாது, போட்டுடணும்."

புரோஷர் எழுதுகிறவர்களுக்கு ஒரு டின்னும் மறுபடி ஒரு டின்னும் போதும் போல. மாமாவை லைனில் வைத்துவிட்டு முருகேசனுக்குப் போன் போட்டேன்.

முன்னணித் தோல் தொழில் மையம் அப்போது டோம்பிவிலியில், புது அடுப்படியில், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.