அக்கரைப்பற்றுக்கு அப்பால்

கட்டில் கம்பியில் இரண்டு தட்டு. "சரி, பஸ் வெளிக்கிட்டுட்டு" என்கிறார் முஸ்பிறா. "இப்ப சாய்ந்தமருது வரும், விரல் நுனியெல்லாம் மரக்கும். பயப்புடாதீங்க, நான் பக்கத்துலதான் இரிக்கன்." ஊசி ஏறிய பெண்ணின் கை அவருடைய கைக்குள் இருக்கிறது. அறையின் குளிருக்கு, எவரைத் தொடும் முன்பும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது அவர் வழக்கம்.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவர் சிற்றூழியர். சம்பளம் தள்ளுவண்டி தள்ளவும் தரை துடைக்கவும்தான். மற்ற வேலை அவராகத் தலையில் போட்டுக்கொண்டது. காயம் துடைக்கும்போது வலி தெரியாதிருக்கப் போடும் கெட்டமின் ஊசி ஆளை ஒழுங்காகத் தூங்க வைக்காது; கண் திறந்தபடி கிடக்கும், மனம் எங்கோ கிளம்பிவிடும். சிலர் சிரித்துக்கொண்டு திரும்புவார்கள், சிலர் கட்டடமே கிடுகிடுக்கக் கத்துவார்கள். "எங்க போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்கத் தொடங்கிய முஸ்பிறா, பதினொரு வருடமாகக் கேட்டதையெல்லாம் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதி, அந்தப் பயணத்துக்கு வரைபடமே போட்டுவிட்டார்.

கணவர் நூஹு கல்முனை–அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டக்டர். ஆகவே வரைபடத்திலும் அதே பாதைதான். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. அதுவும் பஸ்ஸிலிருந்து வந்ததே. சாய்ந்தமருதில் விரல் மரக்கும். காரைதீவில் தலைக்கு மேலே அறை முகடு உயர்ந்து உயர்ந்து போகும், சாறிக்கடையைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல நிறங்கள் வரும். நிந்தவூரில் உடம்பு காணாமல் போகும். கத்துகிறவர்கள் கத்துவது அங்கேதான். "ஒடம்பத் தேடாதீங்க, அது என்ட கையில பத்திரமா இரிக்கி" என்பது அந்த இடத்துக்கான வசனம். அட்டாளைச்சேனையில் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களும் வந்து கதைப்பார்கள். அக்கரைப்பற்றில் பஸ் திரும்பும்.

பாதையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் அநேகமாகக் கத்துவதில்லை. ஆரம்பத்தில் கேலி செய்த டொக்டர் அஸீம்கூட இப்போது ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, ரூட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார். அப்போது முஸ்பிறாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பெருநாள் பிறை கண்ட மாதிரி.

இந்தப் பெருமையில் மண் விழுந்தது தம்பிமுத்துவால். திருக்கோவில்காரர், சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலை. மேலே சாம்பலாகக் கிடந்த உமிக் குவியலில் கால் வைத்தார், உள்ளே நெருப்பு. இரண்டு காலும் வெந்துவிட்டன. முதல்முறை மருந்து கட்டியபோது முஸ்பிறா ரூட் சொல்லித்தான் அனுப்பினார். மனிதர் கத்திய கத்தலில் மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி துடைக்காவிட்டால் காயம் அழுகும், கால்களை எடுக்க நேரிடும் என்றார் டொக்டர். "எடுங்க. அந்த ஊசி மட்டும் எனக்கு வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் தம்பிமுத்து.

முஸ்பிறாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயால் அனுப்பிவைத்த ஆள். பார்சலை மூடி வைத்துவிட்டு வார்ட்டுக்குப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணன், எந்த எடத்துல பயந்தீங்க? நிந்தவூரா?"

"நிந்தவூரெல்லாம் பறுவாயில்ல தங்கச்சி." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அக்கரைப்பற்றில இறக்கி விட்டுட்டாங்க. திருக்கோவில் பஸ்ஸுக்கு நிண்டன். வரவேயில்ல. கையில்ல, காலில்ல, கூப்பிட வாயுமில்ல. எத்தின வருசம் நிண்டன் தெரியுமா?"

முஸ்பிறா நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! கல்முனையாளுக்குத்தானே அங்க பஸ் திரும்புற. ஒங்களுக்கு வீடு அங்கால இரிக்கி. நடு ரோட்டுல ஒங்கள உட்டுட்டேனே!" கண்ணீர் வந்துவிட்டது, அவர் மறைக்கவும் இல்லை. கொப்பியை விரித்து, பதினொரு வருடமாக அக்கரைப்பற்றோடு நின்றிருந்த கோட்டைத் தம்பிலுவில் தாண்டித் திருக்கோவில்வரை இழுத்தார். வீட்டுக்குக் கிட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு புளியமரம், அடுத்தது சைக்கிள் கடை, பிறகு வீட்டு வாசலில் நீலக் கேற். கேற்றின் நிறத்தைச் சொல்லும்போது தம்பிமுத்து இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"இந்த முற பஸ் மாறத் தேவல்ல. நீலக் கேற்றடியில ஒரு தட்டுத் தட்டுங்க. நிப்பாட்டுறது என்ட பொறுப்பு."

"நீங்களும் வருவீங்களா தங்கச்சி?"

"ஒங்கட கை என்ட கைக்குள்ளதான் இரிக்கும்."

அடுத்த நாள் காலை, கம்பியில் இரண்டு தட்டு. டொக்டர் அஸீம் துடைத்தார், மருந்து கட்டினார். ஒவ்வொரு ஊராகக் காதருகே சொல்லிக்கொண்டு போனார் முஸ்பிறா. கட்டி முடிந்தும் தம்பிமுத்துவின் கண்கள் முகட்டிலேயே நின்றன. கால் மணியானது, அரை மணியானது. "தம்பிலுவில் தாண்டிட்டு அண்ணன், புளியமரம் தெரியுதா?" முஸ்பிறா அவர் காதோடு இன்னும் குனிந்தார். தம்பிமுத்துவின் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. பிறகு மற்றக் கை மெல்ல எழுந்து, தடவித் தடவிக் கம்பியைத் தேடி, மடக்கிய விரலால் ஒரு தட்டுத் தட்டியது.