பொனட்டில இருந்த ரெண்டு கை

டிங்கர் பாஸ்மாரை ஒருத்தரும் சந்தோசமான நாளில தேடி வாறேல்லை. எங்களிட்ட வாறவைக்குக் காரும் நெளிஞ்சிருக்கும், முகமும் நெளிஞ்சிருக்கும். கொட்டாஞ்சேனையில இருவத்தஞ்சு வருசமா நெளிவு எடுக்கிறன். பழைய கார் வச்சிருந்து பாடுபடுகிற உங்களுக்கு இதில புதுசாச் சொல்ல ஒண்டுமில்லை. ஆனா எடுக்கக்கூடாத நெளிவை எடுத்துப்போட்டு நான் முழிச்ச கதையை உங்களிட்டச் சொல்லாமல் வேற ஆரிட்டச் சொல்லுறது?

அமத்திப் பூட்டுறவை

பொனட் பூட்டத் தெரியாத சனத்தோடயே என்ர சீவியம் போச்சு. ஒரு சாண் உயரத்தில இருந்து கையை விட்டால் அது தன்ர பாரத்திலயே டப்பெண்டு பூட்டிக்கொள்ளும். எங்கட ஆக்கள் விடமாட்டினம். குழந்தைப்பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி மெல்லமா இறக்கிப்போட்டு, ரெண்டு உள்ளங்கையையும் ஊண்டி அமத்துவினம். தகரம் என்ன செய்யும், பாவம்? நாள் போகப் போக ரெண்டு கை அளவுக்குப் பள்ளம் விழுந்திடும்.

கிருலப்பனையில இருந்து வாற ஒரு ஐயாவுக்கு மூண்டு தரம் அந்தப் பள்ளத்தை எடுத்துக் குடுத்தனான். நாலாந்தரம் எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. "அமத்தாதேங்கோ ஐயா, கையை விடுங்கோ!" எண்டு கத்திப்போட்டன். மனிசன் ஆறுதலாக் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "தம்பி, உம்மட காரெண்டா நீர் போட்டு உடையும். என்ர காரை நான் தடவித்தான் பூட்டுவன்."

ரீச்சர் சொன்னது

போன வருசம் வெள்ளவத்தையில இருந்து ஒரு ரீச்சர் வந்தவ. பென்சன் எடுத்துக் கனகாலம். முப்பது வருசத்துக்கு மேற்பட்ட வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டினவ. காலி வீதியில ஒரு த்ரீவீல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பி, இடப்பக்க மட்காட்டை உள்ளுக்குத் தள்ளியிருந்தான். முன்கதவைத் திறந்தால் மட்காட்டில முட்டுது. பொனட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது.

எல்லாத்தையும் எழுதிக்கொண்டிருக்கேக்க ரீச்சர் கையால மறிச்சா. பென்சன் காசு, பில் கூடிப்போகும் எண்டு பயப்படுறா எண்டுதான் நான் நினைச்சன். வாற சனத்தில பாதி அப்பிடித்தானே. பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொன்னா: "மட்காட்டும் கதவும் செய்யுங்கோ. பொனட் நேராப் பூட்டுப்பட்டாக் காணும். வேற ஒண்டையும் தொடக்கூடாது, சரியோ?"

சும்மா எடுத்துவிட்ட நெளிவு

மட்காட்டை இழுத்துத் தட்டி, அதுக்கும் கதவுக்கும் நடுவில மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே இடைவெளி கொண்டுவர ரெண்டு நாள் போச்சு. கதவுப் பிணைச்சலுக்குள்ள தகடு வைக்கிறது, சாத்திப் பாக்கிறது, தகட்டை எடுக்கிறது, திரும்பச் சாத்துறது. பழைய காருக்கு எலும்பே மாறிப்போயிருக்கும். பொனட்டைக் கழட்டி மேசையில வச்சிருந்தம். அதில வழக்கமான ரெண்டு பள்ளம். ஒண்டுக்குள்ள மோதிரம் பட்டுப் பட்டு வந்த ஒரு சின்ன வடுவும் இருந்தது. பாத்தனான். பாத்துப்போட்டு, இன்னொரு அமத்திற கேஸ் எண்டு சிரிச்சுமிருக்கிறன்.

எங்கட வேலையில ஒரு வழக்கம் இருக்கு. ஒரு நெளிவுக்கெண்டு வந்த காருக்கு இன்னொரு சின்ன நெளிவைச் சும்மா எடுத்துவிடுவம். பில்லில போடுறேல்லை, வாயால சொல்லுறதுமில்லை. வீட்டை போய்க் கண்டு சந்தோசப்படட்டும் எண்டுதான். மரச்சுத்தியலால பத்து நிமிச வேலை. பள்ளம் போன இடமே தெரியேல்லை. எங்கட பெயின்டர் தெமட்டகொடை நவாஸ் வெள்ளை அடிக்க முதல் பொனட்டைத் தடவிப் பாத்துப்போட்டுக் கேட்டான்: "பாஸ், அந்த டீச்சர் வேற ஒண்டும் தொட வாணாமெண்டு தானே சென்னாங்க?"

எடுக்க வந்த நாள்

ரீச்சர் காரைச் சுத்தி வந்தா. கதவை ரெண்டு தரம் திறந்து சாத்தினா. சத்தம் கேட்டு அவவின்ர முகம் மலர்ந்தது. பிறகு பொனட்டைத் திறந்து தண்ணி பாத்தா, இறக்கினா, ரெண்டு கையையும் அதில வச்சா. கை வழுக்கிக்கொண்டு போச்சுது. எடுத்துத் திரும்ப வச்சா. கொஞ்சம் தள்ளி வச்சா. குனிஞ்சு பாத்தா. நான் மடையன், பாராட்டு வரப்போகுதெண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். ரீச்சர் என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டா: "இவரின்ர கை எங்க, தம்பி?"

திரும்ப அமத்தினது

அவவின்ர மனிசன் துறைமுகத்தில கிளாக்கரா இருந்தவராம். ஒவ்வொரு விடியவும் தண்ணி பாத்திட்டு, பொனட்டை அமத்திப் பூட்டிப்போட்டுத்தான் வேலைக்கு வெளிக்கிடுவாராம். அவர் செத்து அப்ப எட்டு மாசம். அதுக்குப் பிறகு ரீச்சர் விடியவில அந்தப் பள்ளத்துக்குள்ள தன்ர கையை வச்சுத்தான் பூட்டுறவவாம். அவருக்குப் பெரிய கையாம், தன்ர கை அதுக்குள்ள முழுசா அடங்குமாம். ஐயோ, வாயால ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!

"திரும்பச் செய்து தரட்டோ, ரீச்சர்?" எண்டு கேட்டன். அவ பொனட்டில இருந்து கையை எடுத்து ஒதுங்கி நிண்டா. பொனட்டைத் திரும்பக் கழட்டி மண்மூட்டையில வச்சு மெல்லமாத் தட்டினன். காரில பூட்டிப்போட்டு, ரெண்டு உள்ளங்கையையும் ஊண்டி என்ர முழுப் பாரத்தையும் குடுத்து அமத்தினன். சனத்தைப் பேசிப் பேசித் தடுத்த அதே வேலையை, கண்ணீர் ஓட ஓட நானே செய்தன். பள்ளம் வந்தது. அதே இடம், அதே ஆழம் எண்டுதான் எனக்குப் பட்டது.

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கையை வச்சா. பிறகு கையை எடுத்து, சீலைத் தலைப்பால துடைச்சா. என்னில கோபமே இல்லை, அதுதான் இண்டைக்கும் தாங்கேலாமல் கிடக்கு. "மினக்கெட்டிட்டீங்கள்" எண்டா. கார்க் கதவைத் திறந்து உள்ளுக்கு இருந்திட்டுச் சொன்னா: "ஆனா இது உங்கட கை, தம்பி."

இப்ப ஒரு கார் உள்ளுக்கு வந்தால் எதை எடுக்க வேணுமெண்டு கேக்க முதல் எதை விட வேணுமெண்டுதான் கேக்கிறன். பாஸுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நவாஸ் வாறவை எல்லாருக்கும் சொல்லுறான், நானும் மறுக்கிறேல்லை.